அம்மாவின் வயிற்றுச் சுற்றளவை அளந்துவிட்டு டாக்டரிடம் போங்கள்

என் அம்மாவுக்கு 68 வயது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஒல்லியான உடம்பு" என்பார்கள். எடை 56 கிலோ. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று சொல்லத் தொடங்கியதும் இதயத்தைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். மூன்று வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, நான்கு மாதம் இழுத்தது. முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் 3,800 ரூபாய் கட்டினோம். எழுபதுக்கும் மேற்பட்ட முடிவுகள் வந்தன. ஆனால் அங்கே யாரும் அம்மாவின் வயிற்றைச் சுற்றி ஓர் அளவு நாடாவை வைக்கவில்லை. உயரத்தைக்கூட அவர் வாயால் சொன்னதை வைத்துத்தான் எழுதினார்கள்.

கடைசியில் ஒரு மூத்த பெண் மருத்துவர் ஐந்து நிமிடம் செலவழித்து நாடாவை வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கையும் காலும் மெலிந்திருக்க, கொழுப்பு முழுவதும் வயிற்றில் சேர்ந்திருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் உடலில் கொழுப்பு தொடையிலிருந்தும் பிட்டத்திலிருந்தும் விலகி வயிற்றுக்குள் சேர்கிறது, தசை கரைகிறது. ஒன்று கூடி மற்றது குறைவதால் எடை எந்திரம் அதே எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். இதயத்துக்குக் கேடு செய்வது அந்த வயிற்றுக் கொழுப்பு. எடையை மட்டும் நம்பி இருந்த எங்களுக்கு இது தெரியாமல் போயிற்று. உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ அத்தைக்கோ அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது முதுகு வலி, மேல்வயிற்று எரிச்சல், காரணமில்லாத வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால் கீழே உள்ள எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாகவே வரும் என்பதில்லை. நம் வீட்டுப் பெண்கள் அதை வாயு என்று சொல்லி, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த ஓமத்தண்ணீரில் போகும் இரண்டு மணி நேரம்தான் உயிரைக் காக்க வேண்டிய நேரம்.

1. முதலில் ஒரு கோப்பு

ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அது, பழைய மருந்துச் சீட்டுகள், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சுருக்கங்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிட அட்டையையே கொண்டுபோவது நல்லது. மில்லிகிராம் அளவு மாறிப்போகாது.

பழைய இசிஜி இருந்தால் இன்றே நகல் எடுத்துவிடுங்கள். அது வெப்பத்தால் அச்சாகும் தாள். சில ஆண்டுகளில் எழுத்தும் கோடும் மங்கிவிடும். எங்களிடம் இருந்த ஐந்தாண்டுக்கு முந்தைய இசிஜி வெறும் இளஞ்சிவப்புக் கட்டங்களாக நின்றது. புதியதை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை என்று டாக்டர் கையை விரித்தார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் இந்தக் கேள்விகளுக்கு அம்மாவிடம் கேட்டுப் பதில் எழுதுங்கள். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறியதா? மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? கருப்பையோ சூலகமோ அகற்றப்பட்டதா, எந்த வயதில்? முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) உண்டா? அப்பா, அண்ணன், தம்பி யாருக்காவது 55 வயதுக்குள், அம்மா, அக்கா, தங்கை யாருக்காவது 65 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா? கர்ப்ப கால ரத்த அழுத்தமும் 45 வயதுக்கு முன் நின்ற மாதவிலக்கும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் இதய அபாயத்தைக் கூட்டுபவை. டாக்டர்கள் அவசரத்தில் கேட்பதில்லை. நாமே சொல்ல வேண்டும். என் அம்மா இந்தக் கேள்விகளை ஆண் டாக்டர் முன் பேச மாட்டார். தாளில் எழுதி நீட்டியபோது சிக்கலே இல்லை.

2. உயரமும் எடையும்

உயரத்தை இன்று புதிதாக அளக்க வேண்டும். செருப்பில்லாமல், கொண்டையை அவிழ்த்துவிட்டு, குதிகாலும் பிட்டமும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

அம்மா தன் உயரம் 155 செ.மீ. என்று சொல்லிவந்தார். அளந்தால் 149. ஆறு செ.மீ. குறைவு. வயதில் கொஞ்சம் உயரம் குறைவது இயல்பு. ஆனால் இளமை உயரத்திலிருந்து 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். எலும்பு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

கூன் விழுந்தவர்களுக்குச் சுவர் அளவு பொருந்தாது. அவர்களுக்கு ஒரு கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, தொண்டைக் குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை வரை அளக்க வேண்டும். அந்த அளவை 1.35 ஆல் பெருக்கி 60.1 கூட்டினால் பெண்களின் உயரம் ஏறக்குறையக் கிடைக்கும். 68 செ.மீ. வந்தால் உயரம் சுமார் 152 செ.மீ.

எடையைக் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, கெட்டித் தரையில் வைத்த எந்திரத்தில் பாருங்கள். எப்போதும் ஒரே எந்திரம்.

3. வயிற்றுச் சுற்றளவு

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நானும் மூன்று முறை தவறாக அளந்தேன். எனவே நிதானமாகப் படியுங்கள்.

நாடா: தையல் கடை நாடா போதும், முப்பது நாற்பது ரூபாய்தான். ஆனால் பழைய நாடா இழுத்து இழுத்து நீண்டிருக்கும். ஓர் இரும்பு அளவுகோலின் பக்கத்தில் வைத்து 30 செ.மீ. சரியாக ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாடாவின் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் செ.மீ.; எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதையும் கவனியுங்கள்.

உடை: புடவைக் கொசுவத்தின் மேல் ஒருபோதும் அளக்காதீர்கள். அம்மாவுக்குப் புடவையோடு அளந்தபோது 95 வந்தது; நைட்டிக்குள் தோலின் மேல் அளந்தபோது 89. பாவாடை நாடாவை முழுவதும் அவிழ்த்துத் தளர்த்திவிட்டு, அது பதிந்த தடம் மறையக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

இடம்: பாவாடை கட்டும் இடம் அளக்கும் இடம் அன்று. தொப்புளும் நம்பகமான அடையாளம் அன்று. வயிறு தளர்ந்தவர்களுக்கு அது கீழே இறங்கியிருக்கும். பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பு ஒன்று தட்டுப்படும். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நட்டநடுவில் பொட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் வையுங்கள். நாடா அந்தப் புள்ளிகள் வழியாகப் போக வேண்டும்.

நிலை: கால்கள் சேர்ந்து, கைகள் பக்கவாட்டில், வயிற்றை எக்காமல் நிற்க வேண்டும். இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில் படியுங்கள். நாடா தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் கீழே இறங்காமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஒருவர் அளக்க, இன்னொருவர் பின்னால் நின்று பார்ப்பது நல்லது. இரண்டு முறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடியும் அளந்து பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் அளப்பது நல்லது.

பிறகு பிட்டத்தின் மிக அகன்ற இடத்தில் ஒரு சுற்றளவு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் அம்மாக்களுக்கு வயிற்றைக் காட்டுவது எளிதன்று. கதவைச் சாத்தி, ஆண்களை வெளியே அனுப்பி, மகளோ மருமகளோ அக்காவோ அளக்கட்டும். "எவ்வளவு பெருத்துவிட்டாய் பார்" என்ற சொல் மட்டும் வாயில் வரக் கூடாது. அது வந்தால் அடுத்த முறை அளக்க விடமாட்டார்கள்.

4. எண்களைப் படிப்பது

தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினால் அபாயம் கூடியதாகக் கணக்கு. அமெரிக்கப் பக்கங்களில் 88 செ.மீ. என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது நமக்கான எல்லை அன்று. வயிற்றை உயரத்தால் வகுத்தால் 0.5-க்குக் கீழ் இருக்க வேண்டும், 0.6 என்றால் அபாயம் அதிகம். வயிற்றைப் பிட்டச் சுற்றளவால் வகுத்தால் பெண்களுக்கு 0.85-க்குக் கீழ் இருக்க வேண்டும்.

பிஎம்ஐ என்பது எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுப்பது. ஆசிய உடலுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கொள்கிறார்கள். அம்மா சொன்ன 155-ஐ வைத்தால் அவருடைய பிஎம்ஐ 23.3, அளந்த 149-ஐ வைத்தால் 25.2. அதே உடல்தான். உயரம் குறைந்தவர்களுக்கு பிஎம்ஐ இப்படி ஆடும் என்பதால் நான் வயிற்று அளவையே பெரிதாக நம்புகிறேன். அம்மாவின் வயிறு 89, பிட்டம் 96. உயரத்தோடு வகுத்தால் 0.6-ஐத் தொடுகிறது, பிட்டத்தோடு வகுத்தால் 0.93. "ஒல்லி" என்ற சொல்லை அன்றோடு விட்டோம்.

5. தசை மிச்சம் இருக்கிறதா

கெண்டைக்காலின் தடித்த இடத்தில் சுற்றளவு 33 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் தசை குறைந்திருக்கலாம். கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும் அப்படியே. நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, பக்கத்தில் நில்லுங்கள். வயிறு பெருத்துத் தசை குறைந்தவர்களைப் பட்டினி போட்டால் இருக்கிற தசையும் போய்விடும். எனவே இந்த எண்ணையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

6. ஏழு நாள் ரத்த அழுத்தம்

மேல்கையில் கட்டும் தானியங்கி எந்திரம் 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள். வாங்கும்போது மேல்கையின் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். வழக்கமாகத் தரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்கானது, அதைவிடத் தடித்த கைக்குப் பெரிய பட்டை கேளுங்கள். சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தவறு.

சிறுநீர் கழித்துவிட்டு, காப்பி குடித்து அரைமணி நேரம் கழித்து, முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற 24 அளவுகளின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85 எட்டினால் அது உயர் அழுத்தம். எந்திரத்தில் ஒழுங்கற்ற துடிப்பு என்ற குறி அடிக்கடி வந்தால் அதையும் எழுதுங்கள்.

ஒரு நாள் மட்டும், உட்கார்ந்து எடுத்த பிறகு நிற்கவைத்து ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் எடுங்கள். மேல் எண் 20 குறைந்தால், மருந்தைக் கூட்டும் முன் டாக்டருக்கு அது தெரிய வேண்டும். எழுந்ததும் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியவர்களுக்கு மாரடைப்புக்குக் குறைந்த ஆபத்தன்று.

7. ரத்தமும் சிறுநீரும்

தொகுப்புப் பரிசோதனை வாங்காதீர்கள். இவற்றைக் கேளுங்கள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ரத்தக் கொழுப்புப் பட்டியல், கிரியேட்டினினுடன் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு), டிஎஸ்எச் (தைராய்டு), ஹீமோகுளோபின், சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (சிறுநீரில் கசியும் புரதத்தின் அளவு). கடைசியாகச் சொன்னது எங்கள் 3,800 ரூபாய்த் தொகுப்பில் இல்லை. அந்த விகிதம் 30-ஐத் தாண்டினால் சிறுநீரகமும் ரத்தக்குழாயும் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கலாம்.

முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டு, காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். அம்மா பழக்கத்தில் அரை டம்ளர் காப்பி குடித்துவிட்டார். ஒரு நாள் வீண். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் அதைப் போடக் கூடாது. அன்றைக்கு எப்போது எடுப்பது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ ஆகியிருந்தால் சில வாரம் தள்ளிப்போடுங்கள். கொழுப்பு எண்கள் அப்போது நம்பத் தக்கவை அல்ல.

மூன்று பொறிகள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி தவறாகக் காட்டலாம், அதனால்தான் ஹீமோகுளோபினும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். தைராய்டு குறைந்திருந்தால் கெட்ட கொழுப்பு அதனாலேயே ஏறியிருக்கலாம். தசை மெலிந்த பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் கிரியேட்டினின் மட்டும் பார்க்க இயல்பாகவே தோன்றலாம், ஈஜிஎஃப்ஆரைப் பாருங்கள்.

முடிவு வந்ததும் ஐந்து எண்களைத் தனியே எழுதுங்கள். வயிறு 80 செ.மீ. அல்லது மேல், டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 150 அல்லது மேல், எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 50-க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். இவற்றில் மூன்று இருந்தாலே வளர்சிதைமாற்ற நோய்த்தொகுப்பு (இதய நோயும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பைக் கூட்டும் கோளாறுகளின் சேர்க்கை) என்பார்கள். அம்மாவுக்கு முறையே 89, 178, 44, 138/82, 108. ஐந்துமே இருந்தன! ஆனால் பரிசோதனைத் தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே "சற்றுக் கூடுதல்", "எல்லைக்கோடு" என்றுதான் இருந்தது. சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால் நான்கு மாதம் போயிற்று.

8. எங்கே, எவ்வளவு

ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவர்களுக்கு இது பேருதவி. அரசு மருத்துவமனைக்குப் போவதானால் புறநோயாளிச் சீட்டுக்குக் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். ரத்தம் கொடுக்கும் நாளும் முடிவு வாங்கும் நாளும் தனித்தனியாக இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுங்கள்.

தனியாரில் மேலே சொன்ன பட்டியலுக்கு எங்கள் ஊரில் சுமார் 2,000 ரூபாய் ஆயிற்று. இசிஜி 300, எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) 1,800. இசிஜி இயல்பாக இருந்தால் இதயத்தில் ஒன்றுமில்லை என்று பொருளாகாது. அது அந்தச் சில விநாடிகளின் பதிவு மட்டுமே. மூட்டுவலி உள்ள அம்மாவை டிரெட்மில்லில் ஏற்ற ஒரு பரிசோதனைக் கூடத்தில் வற்புறுத்தினார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதையோ இதயச் சிடி ஸ்கேனையோ செய்ய வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து வழக்கமான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அது முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. ஆனால் வரி கட்டும் பிள்ளைகள் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு 80டி எனப்படும் மருத்துவக் கழிவில் தடுப்புப் பரிசோதனைக்கு மொத்தம் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும்.

9. டாக்டரிடம்

ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் ஆனவர்களுக்கு அபாயக் கணக்கு தேவையில்லை; அவர்கள் அதிக அபாயத்தில் இருப்பவர்களே. மற்றவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அட்டவணை உண்டு. 40 முதல் 74 வயது வரை, தெற்காசியாவுக்கெனத் தனியாக, அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பை வண்ணங்களில் காட்டும். ரத்தப் பரிசோதனை இல்லாமல் பிஎம்ஐயை வைத்துப் பார்க்கும் வடிவமும் இருக்கிறது. உயரம் தவறினால் இதுவும் தவறும். இனம் கேட்கும் அமெரிக்கக் கணிப்பான்களில் நம் எண்ணைப் போட்டுப் பயப்படவோ ஆறுதல் அடையவோ வேண்டாம்.

அந்த அட்டவணை வயிற்று அளவையும், சீக்கிரம் நின்ற மாதவிலக்கையும், கர்ப்ப கால அழுத்தத்தையும், குடும்பத்து மாரடைப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. எனவே ஒரே தாளில் இவற்றை மேலே எழுதி, அதன் கீழே எண்களை எழுதிக் கொடுங்கள். எங்களுக்குக் கிடைத்த நேரம் எட்டு நிமிடம். தாள் இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. வெளியே வரும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கொழுப்பு மாத்திரை தேவையா? ரத்த அழுத்தத்துக்கு இலக்கு எண் என்ன? அடுத்து எப்போது வர வேண்டும்?

10. மறுபடி அளப்பது

வயிற்றை மாதம் ஒரு முறைக்கு மேல் அளக்காதீர்கள், அரை செ.மீ. ஏறி இறங்குவது அளக்கும் கையின் பிழையாகவும் இருக்கும். மாத்திரை தொடங்கியிருந்தால் கொழுப்பை நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். முயலாமலே ஆறு மாதத்தில் எடை இருபதில் ஒரு பங்கு குறைந்தால் மகிழாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் அம்மாவின் தினசரி நாட்காட்டியில் ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் தேதிக்கும் ஒரு வட்டம் போட்டுவைத்திருக்கிறேன். காப்பிக்கு முன் அளவு. தை முதல் தேதியில் 89 இருந்தது. ஆடி முதல் தேதியில் 85.